லினக்ஸ் கெர்னலில் கேமேப்: ஒரு பழைய ஏற்பாட்டை மாற்றுதல்

32-பிட் சிபியுவால் சுட்ட முடிந்த மெய்நிகர் முகவரிகள் மொத்தம் 4 ஜிபிதான். எக்ஸ்86 கணினிகளில் லினக்ஸ் கெர்னல் அதை வழக்கமாக 3:1 என்று பங்கிட்டது. கீழே உள்ள 3 ஜிபி பயனர் நிரல்களுக்கு, மேலே உள்ள 1 ஜிபி கெர்னலுக்கு. கெர்னலின் பங்கிலும் முதல் 896 எம்பி, ரேமின் தொடக்கப் பகுதியோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் எந்தப் பக்கத்தையும் கெர்னல் ஒரு கூட்டல் கணக்கிலேயே எட்டிவிடும். மீதி 128 எம்பி முகவரிகள் வேறு தேவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆகவே 1 ஜிபி ரேம் பொருத்திய கணினியிலேயே கடைசி 128 எம்பி கெர்னலின் நேரடிக் கைக்கு எட்டாமல் போனது. 1995இல் வந்த பென்டியம் புரோ, பிஏஇ என்னும் வசதியின் மூலம் 36-பிட் பௌதிக முகவரிகளை, அதாவது 64 ஜிபி ரேம் வரை, ஏற்றுக்கொண்டது. ரேம் பெருகிக்கொண்டே போனது. கெர்னலின் முகவரிப் பங்கு அதே 1 ஜிபியில் நின்றது.

நேரடிப் பிணைப்புக்கு அப்பால் கிடக்கும் ரேமுக்கு ஹைமெம் என்று பெயர். அதைப் பயனர் நிரல்களின் பக்கங்களுக்கும், கோப்புகளின் உள்ளடக்கத்தை ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷுக்கும் கொடுத்துவிடலாம். கெர்னலுக்கு அந்தப் பக்கங்கள் எப்போதாவதுதான் வேண்டியிருக்கும். வேண்டும்போது ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்து, படித்தோ எழுதியோ முடித்து, முகவரியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். 1999இல் பேஜ் கேஷை ஹைமெமுக்கு நகர்த்தும் வேலையை இங்கோ மோல்னார் செய்தபோது, லைனஸ் டோர்வால்ட்ஸின் யோசனையை அடிப்படையாக வைத்து இந்தத் தற்காலிகப் பிணைப்பையும் எழுதினார். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் அது எல்லோர் கைக்கும் வந்தது. முகவரி வாங்கும் ஃபங்ஷன் கேமேப், திருப்பிக் கொடுப்பது கேஅன்மேப்.

கேமேப்புக்கென ஒரு சிறிய முகவரிப் பகுதி ஒதுக்கப்பட்டது. எக்ஸ்86இல் பிஏஇ இல்லாதபோது 1024 இடங்கள், பிஏஇ இருந்தால் 512. ஒவ்வோர் இடமும் 4 கேபி கொண்ட ஒரு பக்கத்துக்கானது என்பதால் மொத்தம் 4 எம்பி அல்லது 2 எம்பி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. ஏற்கனவே பிணைத்த பக்கத்தை இன்னொருவர் கேட்டால் அதே முகவரி கிடைக்கும், எண்ணிக்கை ஒன்று கூடும். கேஅன்மேப் எண்ணிக்கையைக் குறைப்பதோடு நின்றுவிடும். பிணைப்பை உடனே அறுக்காது. காலி இடத்துக்கான தேடல் பட்டியலின் கடைசி வரை போய் முதலுக்குத் திரும்பும்போதுதான், யாரும் பயன்படுத்தாத இடங்கள் அனைத்தும் ஒரே மூச்சில் துடைக்கப்படும்.

அந்தத் துடைப்புதான் பெரும் செலவு. எந்த மெய்நிகர் முகவரி எந்தப் பௌதிக முகவரிக்குப் போகிறது என்பதை சிபியு தன் டிஎல்பியில் நினைவு வைத்துக்கொள்கிறது. கேமேப் தரும் முகவரி எல்லா சிபியுகளுக்கும் பொதுவானது என்பதால், ஓர் இடத்தை வேறு பக்கத்துக்குத் தருவதற்கு முன் எல்லா சிபியுகளின் டிஎல்பியிலிருந்தும் பழைய நினைவை நீக்க வேண்டும். அதற்கு மற்ற சிபியுகளுக்கு இன்டரப்ட் அனுப்பி, அவை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கணினியில் ஒரே சிபியு இருந்த நாட்களில் இது தெரியவில்லை. சிபியு எண்ணிக்கை ஏறஏற வலித்தது. போதாக்குறைக்கு எல்லோரும் ஒரே பூட்டுக்காக முட்டிக்கொள்ள வேண்டும்.

இடம் ஒன்றுகூடக் காலியாக இல்லாவிட்டால், கேட்டவர் தூங்கிக் காத்திருக்க நேரிடும். தூங்க நேரிடும் ஃபங்ஷனை இன்டரப்ட் கையாளும் இடத்தில் அழைக்க முடியாது. அதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு. ஒரு த்ரெட் ஒரு பக்கத்தைப் பிணைத்துக்கொண்டே இரண்டாவது பக்கத்தைக் கேட்கிறது; அதே நேரத்தில் மற்றவர்களும் அதையே செய்கிறார்கள்; இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. பஸ்ஸில் ஒவ்வொருவரும் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் துண்டு போடக் காத்திருப்பது போன்ற நிலை அது. இருப்பதை யாரும் விடமாட்டார்கள், யாருக்கும் இரண்டாவது கிடைக்காது. டெட்லாக் என்பதன் பாடப்புத்தக வடிவம்.

தூங்க முடியாத இடங்களுக்காக உருவானது கேமேப் அட்டாமிக். இங்கே இடங்கள் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி. பிணைப்பு அந்த சிபியுவுக்கு மட்டுமே உரியது என்பதால் மற்ற சிபியுகளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, வேகம் அதிகம். விலை வேறு வடிவில் வந்தது. பிணைப்பு இருக்கும் வரை பிரீஎம்ப்ஷன் நிறுத்தப்படும், அதாவது ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி சிபியுவை வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது. பேஜ் ஃபால்ட்டும் முடக்கப்படும். பயனர் நினைவகத்திலிருந்து நகலெடுக்கும்போது அந்தப் பக்கம் ரேமில் இல்லையென்றால், கொண்டுவரக் காத்திருக்க வழியில்லை. நகலெடுப்பு பாதியில் தோற்றுத் திரும்பும்.

தொடக்கத்தில் கேமேப் அட்டாமிக்கை அழைப்பவர் எந்த இடம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கேஎம் யூசர்0, கேஎம் யூசர்1, கேஎம் ஐஆர்கியூ0 என்று பட்டியல் நீண்டது. தவறான பெயரைக் கொடுத்தால், மேலே அழைத்தவர் பயன்படுத்திக்கொண்டிருந்த பிணைப்பின் மீதே புதியது ஏறிவிடும். 2011 ஜனவரியில் வெளியான 2.6.37இல் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா இதை அடுக்கு முறைக்கு மாற்றினார். அடுத்த காலி இடம் தானாகக் கிடைக்கும். கடைசியில் எடுத்ததை முதலில் விட வேண்டும். பெயர் கேட்ட இரண்டாவது ஆர்கியுமென்ட் 2012இல் கெர்னல் முழுவதிலிருந்தும் நீக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கு இதுவே ஒரு சான்று: தேவையற்றுப்போன ஓர் ஆர்கியுமென்ட்டைக் களையவே ஓராண்டுக்கு மேல் ஆனது.

இதற்குள் 64-பிட் வந்துவிட்டது. 2003இல் ஏஎம்டி ஆப்டெரான் வெளிவந்தது. அதன் முகவரிப் பரப்பில் ரேம் முழுவதையும் நேரடியாகப் பிணைக்க இடம் தாராளம். நான்கு அடுக்குப் பக்க அட்டவணையில் லினக்ஸ் அந்த நேரடிப் பிணைப்புக்கு 64 டிபி ஒதுக்குகிறது. 64-பிட் கெர்னலில் ஹைமெம் என்பதே இல்லை. அங்கே கேமேப் வெறும் கணக்குதான். பக்கத்தின் நிரந்தர முகவரியை அப்படியே திருப்பித் தரும். கேமேப் அட்டாமிக்கோ 64-பிட்டிலும் பிரீஎம்ப்ஷனையும் பேஜ் ஃபால்ட்டையும் முடக்கிக்கொண்டே இருந்தது. எதையும் பிணைக்காத கணினிகள், பிணைப்பதற்கான விலையைக் கட்டிக்கொண்டிருந்தன. உலகின் பெரும்பாலான சர்வர்கள் 64-பிட்டுக்குப் போன பிறகும் இந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டிய ரியல்-டைம் வேலைகளுக்கு இது சகிக்க முடியாத ஒன்று. பிரீஎம்ப்ஷன் நிற்கும் ஒவ்வொரு மைக்ரோ நொடியும் அங்கே கணக்கில் வரும். ரியல்-டைம் லினக்ஸின் முதன்மைச் சிற்பிகளில் ஒருவரான தாமஸ் கிளெய்க்ஸ்னர் 2020இல் ஒரு மாற்று எழுதினார். 2021 பிப்ரவரி 14 அன்று வெளியான 5.11 பதிப்பில் கேமேப் லோக்கல் பேஜ், கேஅன்மேப் லோக்கல் என்ற இரண்டும் சேர்ந்தன.

புதிய ஏற்பாட்டின் நுட்பம் ஒரே இடத்தில் இருக்கிறது. இடங்கள் இன்னும் சிபியுவுக்குத் தனித்தனிதான். ஆனால் பிணைப்பு த்ரெட்டுக்குச் சொந்தம். எந்தெந்த இடங்களில் எந்தெந்தப் பக்கங்கள் பிணைந்துள்ளன என்ற பட்டியலை ஒவ்வொரு த்ரெட்டும் தன் டாஸ்க் ஸ்ட்ரக்ட்டில் வைத்துக்கொள்கிறது. ஷெட்யூலர் அந்த த்ரெட்டை இறக்கும்போது அதன் பிணைப்புகள் பக்க அட்டவணையிலிருந்து கழற்றப்படும். மீண்டும் ஏற்றும்போது அதே இடங்களில் திரும்ப மாட்டப்படும். முகவரி மாறக்கூடாது என்பதற்காக, ஹைமெம் உள்ள கணினிகளில் பிணைப்பு இருக்கும் வரை த்ரெட் வேறு சிபியுவுக்கு இடம் பெயர முடியாது. த்ரெட் ஓடுவதற்கு அந்த ஒரு தடையைத் தவிர வேறில்லை. பிரீஎம்ப்ஷன் நடக்கலாம், பேஜ் ஃபால்ட் வரலாம், த்ரெட் தூங்கலாம், இன்டரப்ட் கையாளும் இடத்திலும் அழைக்கலாம். உலகளாவிய பூட்டு இல்லை, எல்லா சிபியுகளுக்கும் இன்டரப்ட் இல்லை. 64-பிட்டில் வெறும் முகவரிக் கணக்கு மட்டும்.

இவ்வளவும் கிடைத்துவிட்டதால், பழைய இரண்டுமே காலாவதியானவை என்று கெர்னல் ஆவணங்களில் பின்னர் குறிக்கப்பட்டன. புதிய கோடில் அவற்றைப் பயன்படுத்தினால், பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி எச்சரிக்கை தரும். கருவிகளும் ஆவணங்களும் புதிய கோடைத்தான் தடுக்கும். பல்லாண்டுகளாகக் கோப்பு முறைமைகளிலும் டிரைவர்களிலும் சேர்ந்துபோன பழைய அழைப்புகளை ஒவ்வொன்றாகத்தான் தொட வேண்டும். அதில் இன்டெலின் ஐரா வைனியின் பங்கு பெரிது.

பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றலாம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஒரு பக்கத்தைப் பிணைத்து, மெம்காபியால் கொஞ்சம் பைட்டுகளை எடுத்து, பிணைப்பை விடும் மூன்று வரிகள் கெர்னல் முழுக்கப் பரவிக்கிடந்தன. அவற்றுக்குப் பதிலாக மெம்காபி ஃப்ரம் பேஜ், மெம்காபி டு பேஜ், மெம்ஸீரோ பேஜ் போன்ற துணை ஃபங்ஷன்கள் பொதுத் தலைப்புக் கோப்பில் வைக்கப்பட்டன. மூன்று வரி ஒரு வரியாகும். பிணைப்பை விட மறப்பது என்ற பிழைக்கே இடமில்லாமல் போகும். ஒரு கேமேப்பை மாற்றப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, இந்தத் துணை ஃபங்ஷன்களில் ஒன்று பொருந்துகிறதா என்பதைத்தான். கேமேப் லோக்கலை நேரடியாக எழுதுவது அடுத்த நிலை.

அந்த அடுத்த நிலையில் சிக்கல்கள் தொடங்குகின்றன. முதலாவது, ஆர்கியுமென்ட். கேஅன்மேப் வாங்குவது பக்கத்தின் சுட்டியை. கேஅன்மேப் லோக்கல் வாங்குவது பிணைத்தபோது கிடைத்த முகவரியை. ஒரே ஃபங்ஷனுக்குள் பிணைத்து விடுபவர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு ஃபங்ஷன் பிணைத்து, இன்னொன்று விடும் இடங்களில் கோடின் வடிவமே மாற வேண்டியிருக்கும். எக்ஸ்ட்2 கோப்பு முறைமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே டைரக்டரியைப் படிக்கும் ஃபங்ஷன், பக்கத்தைப் பிணைத்து அதன் சுட்டியை மட்டும் அழைத்தவருக்குத் தரும். முகவரி தேவைப்பட்டவர் பக்கத்திடமிருந்தே கேட்டுக்கொள்வார். அது கேமேப் பொதுவாக இருந்ததால் மட்டுமே நடந்தது. லோக்கல் பிணைப்பில் ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம், ஆகவே பக்கத்திடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்தோடு முகவரியையும் சேர்த்துத் தரும்படி எக்ஸ்ட்2 மாற்றப்பட்டது. டைரக்டரிப் பதிவைத் தேடுவது, நீக்குவது, பெயர் மாற்றுவது என்று அதை அழைத்த எல்லா ஃபங்ஷன்களிலும் ஒரு கூடுதல் மாறி நுழைந்தது. ஒரு சலுகை மட்டும் உண்டு. கேஅன்மேப் லோக்கலுக்குப் பக்கத்தின் தொடக்க முகவரிதான் வேண்டும் என்பதில்லை; பக்கத்துக்குள் எந்த முகவரியையும் அது ஏற்கும். டைரக்டரிப் பதிவைச் சுட்டும் சுட்டியே கையில் இருந்தால் அதையே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, வரிசை. கடைசியில் பிணைத்ததை முதலில் விட வேண்டும் என்பது கட்டாயம். மூலப் பக்கம், இலக்குப் பக்கம் என்று இரண்டைப் பிணைத்தவர் இலக்கை விட்டபின்தான் மூலத்தை விடலாம். நேர்கோட்டில் போகும் கோடில் இதைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். கெர்னலில் பிழை நேர்ந்தால் கோட்டூ போட்டு ஃபங்ஷனின் கடைசிக்குத் தாவும் வழக்கம் உண்டு. எந்தப் புள்ளியிலிருந்து தாவினாலும் வரிசை கெடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாதையாகப் பார்க்க வேண்டியது அங்கேதான். பழைய கேமேப் எந்த வரிசையில் விட்டாலும் பொறுத்துக்கொண்டதால், பழைய கோடில் வரிசையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு த்ரெட் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பிணைப்புகளுக்கு வரம்பு 16, அதிலும் நடுவே புகும் இன்டரப்ட்கள் பங்கு கேட்கும். மீறினால் கெர்னல் அங்கேயே விழும். பக்கங்களின் அணி ஒன்றை எடுத்து, முதலில் எல்லாவற்றையும் பிணைத்து, பிறகு வேலை செய்யும் கோடுக்கு இது ஒத்துவராது. ஒவ்வொன்றாகப் பிணைத்து விடும்படி அதைத் திருப்பி எழுத வேண்டும்.

பயனர் நினைவகத்தைத் தொடும் கோடில் நிலைமை தலைகீழ். அங்கே புதியது ஒரு விடுதலை. ஒரு நிரலைத் தொடங்கும் எக்ஸெக் அழைப்பில், கட்டளை வரியின் சொற்களைப் பழைய நிரலின் நினைவகத்திலிருந்து எடுத்து, புதிய நிரலின் அடுக்குப் பக்கத்தில் கெர்னல் எழுத வேண்டும். எழுதும் பக்கம் பிணைந்திருக்கையில், படிக்கும் பக்கம் ரேமில் இல்லாமல் பேஜ் ஃபால்ட் வரலாம். ஆகவே கேமேப் அட்டாமிக் அங்கே உதவாது. மெதுவான கேமேப்தான் இத்தனை காலம் வேலை செய்தது. கேமேப் லோக்கல் பேஜ் ஃபால்ட்டைத் தடுப்பதில்லை என்பதால் அந்த இடத்தில் நேராகப் பொருந்தியது. அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு முன் முந்தையதை விட்டுவிடுவதால் வரிசைச் சிக்கலும் எழவில்லை.

கேமேப் அட்டாமிக்கை மாற்றுவதுதான் உள்ளதிலேயே வம்பான வேலை. காரணம், அது பிணைப்பைத் தவிர இன்னும் இரண்டைச் சத்தமில்லாமல் செய்துவந்தது. பிரீஎம்ப்ஷன் நிற்கும், பேஜ் ஃபால்ட் முடங்கும். எழுதியவர் பிணைப்புக்காக மட்டுமே அதை அழைத்தாரா, அருகில் இருக்கும், சிபியுவுக்குத் தனியான ஒரு மாறியைக் காப்பாற்றும் வேலையையும் அதன் தலையில் கட்டினாரா என்பது வரியைப் பார்த்துத் தெரியாது. இயந்திரத்தனமாகப் பெயரை மாற்றினால், 32-பிட் 64-பிட் எதுவானாலும் அந்தப் பாதுகாப்பு ஓசையின்றி மறையும். எப்போதாவது மட்டும் வெளிப்படும் ரேஸ் கண்டிஷன் பிழைகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆகவே விதி இது: கோடுக்கு அந்தப் பக்கவிளைவு வேண்டுமென்றால், பிரீஎம்ப்ட் டிசேபிளையோ பேஜ்ஃபால்ட் டிசேபிளையோ வெளிப்படையாக எழுத வேண்டும், வேண்டாமென்றால் ஏன் வேண்டாம் என்பதை பேட்ச்சின் விளக்கத்தில் சொல்ல வேண்டும். ஒரு பேட்ச்சில் மாறுவது இரண்டு வரியாகவும் விளக்கம் இரண்டு பத்தியாகவும் இருப்பதைக் காணலாம். அது தேவையற்ற சடங்கு அல்ல. அந்த இரண்டு பத்திதான் உண்மையான வேலை. ஒரே தோரணையில் வரும் அழைப்புகளை ஆயிரக்கணக்கான கோப்புகளில் மாற்றித் தரும் காக்சினெல் போன்ற கருவிகள் இங்கே பாதி தூரம்தான் வரும்.

பிணைப்பே வேண்டாத இடங்களும் உண்டு. ஒரு டிரைவர் தானே பக்கத்தை ஒதுக்குகிறது, ஹைமெம் கொடியைக் கேட்கவில்லை என்றால், அந்தப் பக்கம் எந்நாளும் நேரடிப் பிணைப்புக்குள்தான் இருக்கும். அங்கே கேமேப்பை எடுத்துவிட்டு பேஜ் அட்ரஸ் என்று எழுதினாலே போதும். ஆனால் பக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசி வரை பின்தொடர வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் சுருக்கக் கோடில் 2021இல் இதே எண்ணத்தில் கேமேப் நீக்கப்பட்டது. அந்தக் கோடு தொட்ட பக்கங்களில் சில ஹைமெமிலிருந்தும் வந்தன. 32-பிட் ஆர்ம், எக்ஸ்86 கணினிகள் விழுந்தன. எல்இஸட்ஓ, இஸட்எஸ்டிடி சுருக்கங்களை இயக்கினால் சோதனைத் தொகுப்பு ஒன்றிலேயே அதைத் திரும்பத் திரும்ப வரவழைக்க முடிந்தது. மாற்றங்கள் பின்வாங்கப்பட்டன. எழுதுபவர், சரிபார்ப்பவர் எல்லோருடைய மேசையிலும் 64-பிட் கணினியே இருக்கும் காலத்தில் இத்தகைய பிழை கண்ணில் படாமல் தப்புவது எளிது. அங்கே ஹைமெம் இல்லை, ஆகவே பிழையும் இல்லை.

இதற்கு மருந்தாக, கேமேப் லோக்கலோடு இரண்டு சோதனை அமைப்புகளும் சேர்க்கப்பட்டன. ஒன்று, ஹைமெம் இல்லாத பக்கங்களையும் கட்டாயமாகத் தற்காலிகப் பிணைப்பின் வழியே போகச் செய்யும். எக்ஸ்86 64-பிட்டிலும் இதை இயக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. விட்ட பிறகும் முகவரியைத் தொடும் கோடு அப்போதே சிக்கும். மற்றொன்று, இரண்டு பிணைப்புகளுக்கு இடையே ஒரு காலிப் பக்கத்தைக் காவலாக வைக்கும். எல்லை தாண்டி எழுதும் கோடு அடுத்த பக்கத்தைக் கெடுப்பதற்கு முன்பே அகப்பட்டுக்கொள்ளும். முதலாவதை உண்மைப் பயன்பாட்டில் இயக்க வேண்டாம் என்று கெர்னலின் உதவிக் குறிப்பே எச்சரிக்கிறது.

கேமேப் லோக்கலால் அப்படியே மாற்ற முடியாத ஒரு வகை எஞ்சி நிற்கிறது. ஒரு த்ரெட் பிணைத்த முகவரியை ஒரு தரவுக் கட்டமைப்பில் எழுதி வைத்து, பின்னர், வேலைகளை வேறு த்ரெட்டுக்குத் தள்ளிவிடும் வொர்க்கியூ வழியாக இன்னொரு த்ரெட் அதைப் பயன்படுத்துவது அந்த வகை. லோக்கல் முகவரி பிணைத்த த்ரெட்டுக்கு மட்டுமே பொருள் தரும். மற்றொரு த்ரெட்டில் அதே எண் வேறு பக்கத்தையோ வெறுமையையோ காட்டும். 64-பிட்டில் இதுவும் தற்செயலாகச் சரியாக நடக்கும், ஆகவே சோதனையில் தப்பிவிடும். இங்கே முகவரிக்குப் பதிலாகப் பக்கத்தின் சுட்டியைக் கடத்தி, பயன்படுத்தும் த்ரெட்டே பிணைத்துக்கொள்ளும்படி கோடைத் திருத்த வேண்டும். பிணைப்பு நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால் வீமேப் என்னும் வேறொரு ஃபங்ஷனுக்குப் போக வேண்டும், அல்லது பக்கத்தை ஹைமெமுக்கு வெளியே ஒதுக்க வேண்டும்.

இதற்கிடையில் ஹைமெமே சுருங்கி வருகிறது. 2025இல் வந்த 6.15 பதிப்பில், 32-பிட் எக்ஸ்86 கணினிகளில் 64 ஜிபி வரை ஹைமெமைப் பயன்படுத்தும் ஆதரவு நீக்கப்பட்டது. அவ்வளவு ரேம் வைத்தவர்கள் 64-பிட் கெர்னலை ஓட்டட்டும் என்பதே அதன் பொருள். 4 ஜிபிக்கு உட்பட்ட ஹைமெம் இன்னும் உண்டு. 32-பிட் ஆர்ம் பலகைகளில் 1 ஜிபிக்கு மேல் ரேம் கொண்டவை தொழிற்சாலைகளிலும் கருவிகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு அது வேண்டும். அவை ஓடும் வரை கேமேப் லோக்கல் ஹைமெம் உள்ள கணினிகளில் பக்க அட்டவணையைத் தொட்டு வேலை செய்யும். மற்ற எல்லா இடத்திலும் கம்பைலர் அதை ஒரு சிறு முகவரிக் கணக்காகக் கரைத்துவிடும்.